பார்வையாளர் பேசக்கூடாது

மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களுக்கும் பாடம் வேண்டும் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருந்தது. ஒரு ஆசிரியர் வகுப்பெடுக்க, இன்னொரு ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முடிந்ததும் இரண்டு பேரும் ஒரு டீயை வைத்துக்கொண்டு பேச வேண்டும். அடுத்த வாரம் இடம் மாறும். ஏற்பாட்டைப் பொறுப்பாகச் செய்தவர் உடலியல் துறையின் பருத்த, சாதுவான பேராசிரியர். எல்லோரும் அவரைப் 'பயிற்சிக்காரர்' என்றுதான் சொன்னார்கள். அவர் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "பார்த்ததச் சொல்லுங்க. தீர்ப்பச் சொல்லாதீங்க."

யாருக்கு யார் ஜோடி என்று ஒரு தகர டப்பாவில் சீட்டுப் போட்டு எடுத்தார்கள். ஆசிரியர்களில் ஒருத்தியான அக்காவுக்குக் கத்தரி வந்தது.

கத்தரி என்பது மாணவர்கள் வைத்த பெயர். பொது மருத்துவப் பிரிவின் தலைவர். யார் பேசினாலும் பாதியில் வெட்டிவிடுவார். பல வருஷமாக மாணவர்கள் மாறினார்கள், பெயர் மாறவில்லை. சீட்டைப் பிரித்துப் பார்த்த அக்காவின் முகம் ஒரு கணம் வெளிறிப்போனது. பிறகு மெல்லச் சிரிப்பு வந்தது. பயிற்சிக்காரர் அதைப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் நல்லா ஒத்துப்போகும் போல" என்றார் சந்தோஷமாக.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூட கழற்றாமல், வாசலில் நின்றபடியே அக்கா சொன்னாள்: "டேய், கத்தரி என் கைல மாட்டிட்டாரு."

தம்பி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கத்தி நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நறுக்கத் தொடங்கினான், முன்னைவிடப் பொடியாக.

தம்பியும் அதே கல்லூரியில்தான் டாக்டருக்குப் படித்தான். கடைசி வருஷம் வரை வந்தவன். சின்ன வயதிலிருந்தே பேச்சில் கொஞ்சம் திக்கல் உண்டு. சில எழுத்துகள் மட்டும் உதட்டைத் தாண்டி வர அடம்பிடிக்கும். அதைச் சமாளிக்கக் கற்றிருந்தான். சுற்றி வளைத்து வேறு சொல்லைப் பிடித்துக்கொள்வான், மூச்சை இழுத்து நிறுத்திவிட்டு ஆரம்பிப்பான். சிநேகிதர்களுக்குப் பழகியிருந்தது. கத்தரியின் வார்டுக்கு வந்த முதல் வாரம், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவரின் கட்டிலருகே நின்று, அவருடைய நோயை விவரிக்க வேண்டியிருந்தது. 'மூச்சுத் திணறல்' என்ற சொல்லுக்கு மாற்றுச் சொல் அவனுக்குச் சட்டென்று கிடைக்கவில்லை. "மூ... மூ..." என்று நின்றுவிட்டான்.

கத்தரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலில் இருந்தவரிடம் குனிந்து, "பெரியவரே, இந்தத் தம்பி உங்க வியாதியச் சொல்லி முடிக்கறதுக்குள்ள உங்க கதையே முடிஞ்சிரும்" என்றார்.

கட்டிலைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். என்னவென்று புரியாமல் கிழவரும் சிரித்து, சிரித்ததில் இருமல் வந்து திணறினார். அந்த வாரம் முழுக்க தினமும் முதல் கேள்வி அவனுக்கே வந்தது. "எங்க, நம்ம ஆளு ஆரம்பிக்கட்டும். அவசரமில்ல, மதியச் சாப்பாடு வரைக்கும் நேரம் இருக்கு." அடுத்த வாரம் அவன் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. அக்கா அப்போது அதே கட்டடத்தின் இன்னொரு மாடியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அவளுக்கே விஷயம் ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கெஞ்சினாள், திட்டினாள், காலில் விழாத குறை. அவன் போகவே இல்லை.

இப்போது ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் வேலை செய்கிறான். வில்லையைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்து, விளிம்பை மழுக்கிப் பொருத்துகிற வேலை. இயந்திரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும், வெள்ளைச் சேறு தெறிக்கும். வீட்டுக்கு வரும்போது நகக்கண்ணில் வெள்ளை படிந்திருக்கும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. முன்னறையில் ஆட்கள் பேசிக்கொள்வார்கள், இவனுக்கு ஒரு சின்ன ஜன்னல் வழியாக வில்லைத் தட்டு வரும், தட்டு போகும். அக்கா வீட்டிலேயே தங்கியிருந்தான்.

அக்காவின் கணவர் குடிநீர் வாரியத்தில் குழாய் கசிவு பார்க்கிறவர். எந்தப் பேச்சும் அவருக்குக் கடைசியில் குழாயில்தான் போய் முடியும். அன்று சாப்பிடும்போது சொன்னார்: "அங்க அடைச்சா இங்க பீறிடும். பாத்து செய்."

"நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல. பாக்கத்தான் போறேன்," என்றாள் அக்கா.

"நீ பாக்கறதே போதுமே!"

தம்பி தோசைக்கல்லைத் தேய்த்தபடி முதுகு குலுங்கச் சிரித்தான். 

மறுவாரம் அக்கா கத்தரியின் வார்டு சுற்றுக்குப் போனாள். விடியலில் பிடித்த மழை. வார்டு வாசலில் குடைகள் விரிந்தபடி கிடந்தன, தரையெல்லாம் ஈரக் கால்தடம். துடைக்கிற அம்மா ஒவ்வொரு ஆள் உள்ளே வரும்போதும் தலையிலடித்துக்கொண்டாள். அக்கா மாணவர்களுக்குப் பின்னால் சுவரோரம் நின்றாள்.

குற்றம் கண்டுபிடிக்க வந்தவளுக்கு முதல் கால் மணி நேரம் எரிச்சலாக இருந்தது. மனிதர் கெட்டிக்காரர். நோயாளியின் வயிற்றில் கை வைக்குமுன் உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டார். ஈரலின் விளிம்பை விரல் நுனியால் தேடும்போது அவர் முகத்தில் ஒரு குழந்தைத்தனமான கவனம் வந்தது. "கை அழுத்தக்கூடாது, காத்திருக்கணும். அவர் மூச்சு இழுக்கும்போது ஈரல் தானா வந்து உன் விரலத் தொடும்" என்றார். இத்தனை வருஷம் கல்லூரியில் இருந்தும் இவ்வளவு அழகாக யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அதற்காகவும் அவர்மேல் கோபம் வந்தது.

பிறகு மாணவர்களைக் கேட்க ஆரம்பித்தார். கத்தரி கத்தரியானார். ஒருவனும் ஒரு வாக்கியத்தை முடிக்கவில்லை. சரியாகச் சொல்ல வந்தவனையும் வெட்டினார், தப்பாகச் சொல்ல வந்தவனையும் வெட்டினார். மெலிந்த பையன் ஒருவன் வாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, கடைசியில் பக்கத்தில் இருந்தவனின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

முடிந்ததும் மருத்துவர்கள் ஓய்வறையில் டீ வந்தது. முறைப்படி அக்கா முதலில் கேட்டாள்: "எப்படிப் போச்சுன்னு நெனைக்கறீங்க, சார்?"

"எப்பவும் போலத்தான். நல்லாவே போச்சு."

"ஈரல் பாக்கறதச் சொல்லிக் கொடுத்தீங்களே, அது பிரமாதம். ஆனா யாரும் ஒரு பதிலையும் முடிக்கல சார். நீங்க விடல."

அவர் சிரித்தார். "முடிக்க விட்டா நாம வீட்டுக்குப் போனாப்லதான். நோயாளி காத்திருப்பாரா? பயம் இருக்கணும்மா. பயம் இருந்தாத்தான் படிப்பாங்க."

அக்கா டீக் கோப்பையை மேசையில் வைத்தாள். "ஏழெட்டு வருஷம் முன்னாடி உங்க வார்டுல ஒரு பையன் இருந்தான். பேச்சு கொஞ்சம் திக்கும். பாதியில நின்னுட்டான். ஞாபகம் இருக்கா சார்?"

கத்தரி நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். நடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. "எந்தப் பையன்? வருஷத்துக்கு நூறு பேரு வராங்க, போறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவனா?"

"தெரியும்," என்றாள் அக்கா. அதோடு எழுந்துவிட்டாள்.

வீட்டில் அதைச் சொன்னபோது தம்பி அடுப்பை அணைத்தான். பால் பொங்கி வழிந்திருந்தது, அதைத் துடைக்கவில்லை.

"ம... மறந்துட்டாரா?"

"நெஜமாவே மறந்துட்டாருடா. யோசிச்சுப் பாத்தாரு. வரல அவருக்கு."

"நான் தெனம் காலைல பல்லு வெளக்கும்போது அன்னிக்கு நின்னுபோன அந்த வார்த்தையச் சொல்லிப் பாக்கறேன்க்கா. தெனம். இன்னிக்கு வருதா வரலையான்னு. அவருக்கு மறந்துபோச்சா?"

இவ்வளவு நீளமாக அவன் பேசி வெகு நாளாகியிருந்தது. ஒரு இடத்திலும் திக்கவில்லை. கோபத்தில் அவனுக்குத் திக்குவதில்லை என்பது அக்காவுக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருந்தது.

"அடுத்த வாரம் அவரு ஒன் வகுப்புக்கு வரணும், இல்ல?" என்றான்.

"ஆமா."

"என்ன வகுப்பு?"

"நோயாளிகிட்ட எப்படிப் பேசிக் கேட்டுத் தெரிஞ்சுக்கறதுன்னு. நெஜ நோயாளி இல்ல. வெளியாளுங்கள நோயாளி மாதிரி பேசச் சொல்லிக் கூட்டிட்டு வருவோம். புள்ளைங்க கேட்டுப் பழகுவாங்க."

"பின்னால உட்கார்றவரு பேசலாமா?"

"பேசக்கூடாது. வகுப்பு முடியற வரைக்கும் வாயே திறக்கக் கூடாது."

தம்பி ஈரத்துணியை எடுத்து, வழிந்த பாலைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்து முடித்துவிட்டுச் சொன்னான்: "அப்ப நான்தான் நோயாளி."

அக்காவின் கணவர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ரெண்டு பேருக்கும் புத்தி கெட்டுப்போச்சா? அந்தாளு பிரிவுத் தலைவரு. ஒன் வேலை போனா என்ன பண்றது? அதோட அது வகுப்பு. நாடகக் கொட்டாய் இல்ல."

"ஏங்க, அவன் ஒரு வாரம் முழுக்க நின்னான். அவரு ஒரு மணி நேரம் உட்காரட்டும்," என்றாள் அக்கா.

"உட்கார வை. வேணாம்னு சொல்லல. நடுவுல அந்தப் புள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தான். "வெள்ளைச் சட்டை போடாத மச்சான், மழைல சேறு அடிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வகுப்பு, புறநோயாளிகள் பகுதியை ஒட்டிய அறையில். ஒரு கட்டில், எதிரெதிரே இரண்டு நாற்காலி, மாணவர்களுக்கு மூன்று வரிசை பெஞ்சு. கடைசி பெஞ்சுக்கும் பின்னால் தனியாக ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. கத்தரி வந்து உட்கார்ந்தார். பயிற்சிக்காரர் கதவருகே நின்று ஞாபகப்படுத்தினார்: "பேசவே கூடாது சார். தும்மல் வந்தாக்கூட வெளில போய்த்தான்." கத்தரி சிரித்தபடி உதட்டின்மேல் விரல் வைத்துக் காட்டினார்.

"எத நான் முக்கியமாப் பாக்கணும்?" என்று முறைப்படி கேட்டிருந்தார். "நோயாளி பேசும்போது கேக்கறவங்க எவ்வளவு பொறுமையா இருக்காங்கன்னு பாருங்க சார்" என்று அக்கா சொல்லியிருந்தாள்.

தம்பி கறுப்புக் குடையை மடக்கியபடி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். நீலச் சட்டை. பின்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவனைக் கேட்கிற முறை, முன்வரிசையில் இருந்த இரட்டைச் சடை போட்ட பெண்ணுக்கு. வகுப்பிலேயே கெட்டிக்காரி. எதிரே உட்கார்ந்து, சொல்லிக் கொடுத்தபடி தன்னை அறிமுகம் செய்துகொண்டு, "சொல்லுங்க, என்ன தொந்தரவு உங்களுக்கு?" என்றாள்.

"பே... பேச்சு நின்னு போகுது."

"எப்ப இருந்து?"

"சின்ன வயசுல இருந்தே கொஞ்சம் உண்டு. அதிகமானது பெ... பெரியவனான பிறகு. ஒரு ஆஸ்பத்திரி வார்டுல."

"வார்டுலயா? அங்க என்ன ஆச்சு?"

தம்பி சொன்னான். அவசரப்படவில்லை. நின்ற இடங்களில் நின்றான், மூச்சை இழுத்தான், மறுபடி தொடங்கினான். கட்டிலையும் கிழவரையும் சொன்னான். கடிகாரத்தைப் பார்த்ததைச் சொன்னான். "பெரியவரே, இந்தத் தம்பி உங்க வியாதியச் சொல்லி முடிக்கறதுக்குள்ள..." என்று வந்ததும், இரண்டாவது வரிசையில் ஒரு பையன் தன்னையறியாமல் களுக்கென்று சிரித்துவிட்டான். உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அவன் காது சிவந்துபோனது.

அக்கா பின்னாலிருந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரியின் வலது கை இடது மணிக்கட்டுப் பக்கம் போய், பாதியில் நின்றது. அந்த முகத்தில் ஒவ்வொன்றாக நடந்ததை அவள் பருகினாள் என்றே சொல்ல வேண்டும். முதலில் வழக்கமான சலிப்பு. அப்புறம் எங்கோ கேட்ட வார்த்தையாயிற்றே என்கிற யோசனை. அப்புறம் அந்த வார்த்தை யாருடையது என்று தெரிந்துபோன கணம். அவர் எழப் பார்த்தார். கதவருகே பயிற்சிக்காரர், விஷயம் தெரியாமல், அன்பாகத் தலையாட்டி உட்காரச் சொன்னார். அவர் உட்கார்ந்தார்.

"அந்த டாக்டர அப்புறம் பாத்தீங்களா?" என்று கேட்டாள் அந்தப் பெண். குரல் கம்மியிருந்தது.

"இல்ல. அவருக்கு என்ன ஞாபகமே இல்லையாம்."

"இப்ப... உங்களுக்கு நாங்க என்ன செய்யணும்னு எதிர்பாக்கறீங்க?"

நல்ல கேள்வி. அக்காவே சொல்லிக்கொடுத்த கேள்வி. தம்பி கொஞ்ச நேரம் குடையின் நுனியிலிருந்து வழிந்த தண்ணீரைப் பார்த்தான்.

"அவரப் பி... பின்னால உட்கார வச்சு, வா... வாயத் திறக்க விடாம, இத முழுசா கேக்க வைக்கணும். அது போதும்."

முதலில் ஒரு தலை திரும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்று வரிசையும் மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தது. மழை ஜன்னல் கம்பிகளில் அடித்துக்கொண்டிருந்தது. கத்தரி தன் காலணிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் பேசவில்லை. அவர் பேசக்கூடாது. அக்கா அந்த அமைதியை வேண்டுமென்றே நீளவிட்டாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நெஞ்சு கேட்டது.

ஓய்வறையில் இரண்டு டீ ஆறிக்கொண்டிருந்தது. கத்தரி முறை தவறாமல் ஆரம்பித்தார்.

"எப்படிப் போச்சுன்னு நெனைக்கறீங்க?"

"நான் நெனச்ச மாதிரியே போச்சு."

"உங்க தம்பியா?"

"ஆமா."

அவர் தலையசைத்தார். "இப்பவும் முகம் ஞாபகம் வரல எனக்கு. பொய் சொல்ல விரும்பல. அந்த வார்த்தைதான் ஞாபகம் வருது. ஏன்னா..." நிறுத்தினார். "அது நான் வழக்கமாச் சொல்றது. வேற பசங்ககிட்டயும் சொல்லியிருக்கேன்."

தம்பியை வெட்டியது அவனுக்கென்று தீட்டிய கத்திகூட இல்லை.

"இப்ப நான் பார்த்ததச் சொல்லட்டுமா?" என்றார் அவர். "தீர்ப்பு இல்ல. பார்த்தது. வகுப்பு முழுக்க நீங்க என்னத்தான் பாத்தீங்க. ஒரு தடவைகூட புள்ளைங்க பக்கம் திரும்பல. எதிர உட்கார்ந்து கேட்டுச்சே, ரெட்டச் சடை, அது பாதிலயே அழ ஆரம்பிச்சுடுச்சு. கண்ணத் துடைச்சுக்கிட்டு, துடைச்சுக்கிட்டு கேட்டுச்சு. நீங்க பாக்கல."

அவர் சொன்னது உண்மை. இந்த மனிதரிடமிருந்து உண்மை வருவதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நான் மன்னிப்பு கேக்கணும்," என்றார் கத்தரி.

"எங்கிட்ட எதுக்கு? அவன் கேன்டீன்ல உட்கார்ந்திருக்கான். அங்க போய்க் கேளுங்க."

அவர் போனார். அவர் பின்னாலேயே போகப் புறப்பட்ட அக்காவை நடைபாதையில் இரட்டைச் சடை மறித்தாள். "மேடம், அவர் சொன்னது நெஜமா? இல்ல, சொல்லச் சொன்னதா?"

"நெஜம். என் தம்பி."

அந்தப் பெண்ணின் கண் இன்னும் சிவந்தே இருந்தது. "எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம் மேடம். நான் அவருக்குன்னு நெனச்சுக் கேட்டுட்டு இருந்தேன். நீங்க சாருக்காகக் கேக்க வச்சிருக்கீங்க."

"தப்புதான்மா. நாளைக்கு வகுப்புல எல்லார்கிட்டயும் சொல்றேன்."

அந்தப் பெண் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு மழைக்குள் போனாள்.

கேன்டீனில் தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம். தம்பி சுவரோர மேசையில் ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கத்தரி அவன் எதிரே நின்றார். உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தார். அக்கா கதவோரம் ஒதுங்கினாள்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. ரொம்பத் தப்பு. மன்னிச்சுடுப்பா," என்றார்.

தம்பி ரொட்டியை மென்று விழுங்கினான். நிமிர்ந்து பார்த்தான். உதடுகள் ஒட்டிக்கொண்டன. "மு... மு..." கழுத்து நரம்பு புடைத்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். கத்தரி அசையவில்லை. கையைப் பின்னால் கட்டியபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி, "மு... மு..." டீ ஊற்றுகிறவர் கூட கையை நிறுத்திவிட்டார்.

"மு... முடியாது சார்."

"சரிப்பா," என்றார் கத்தரி. கொஞ்சம் நின்றார். வேறொன்றும் வராது என்று தெரிந்ததும் திரும்பி, அக்காவைக் கடந்து, குடையில்லாமல் முற்றத்தில் இறங்கி நடந்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவன், பக்கத்தில் அவள். பயிற்சிக்காரர் வருத்தத்தோடு அழைத்து, இனி அவள் இந்த ஏற்பாட்டில் இருக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. நாளைக்கு அந்தப் பிள்ளைகள் முன் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"மனசு ஆறிடுச்சாடா?" என்று கேட்டாள்.

இரண்டு நிறுத்தம் போனது.

"நான் முடிக்கற வரைக்கும் நின்னாருக்கா. பா... பாத்தியா? கையக் கட்டிக்கிட்டு, அசையாம."

"பாத்தேன்."

"அப்ப அவரால காத்திருக்க முடியும்." தம்பி அவள் பக்கம் திரும்பினான். இப்போது குரல் எங்கும் நிற்கவில்லை. "அன்னிக்கும் முடிஞ்சிருக்கும். இவ்வளவு நாளா அவருக்கு அது தெரியாது, வராதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். இப்பத்தான்க்கா எனக்கு நெஜமாவே கோபம் வருது."